பலகை வந்தது, அப்புறம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

என் பேத்தி படிக்கும் பள்ளியில் ஸ்மார்ட் போர்டு மாட்டியிருக்கிறார்கள். சரி என்று போய்ப் பார்த்தால், பாடப்புத்தகத்தின் பக்கத்தையே அதில் காட்டி எழுதச் சொல்கிறார்கள். கரும்பலகைக்கு என்ன குறை?

கற்பித்தல் தொழில்நுட்பம் என்றால் கருவி மட்டுமல்ல. அமெரிக்காவின் கல்வித் தொடர்பு, தொழில்நுட்பச் சங்கம் 1994-இல் தந்த வரையறையில் வடிவமைப்பு, உருவாக்கம், பயன்பாடு, நிர்வாகம், மதிப்பீடு என ஐந்தும் உண்டு. நான் பார்த்த வகுப்பில் பயன்பாடு மட்டும்தான் இருந்தது. பிள்ளைக்குப் புரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

நான் வேலையில் இருந்தபோது தேவனாம்பட்டினம் மணலில் குச்சி நட்டு, மணிக்கொருதரம் நிழலை அளக்க வைப்பேன். (வெயிலில் நிறுத்தியதற்குப் பெற்றோரிடம் திட்டும் வாங்கினேன்.) திட்டமிட்டுச் செய்தால் அந்தக் குச்சியும் தொழில்நுட்பத்தில் சேர்த்திதான்.

பலகைக்கு ஆகும் செலவில் கொஞ்சத்தை ஆசிரியர் பயிற்சிக்கும் ஒதுக்கட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.