போர்வைக்குள் அடுப்பு இல்லை

ஆசிரியருக்கு,

புவி வெப்பமாதல் பற்றிப் பேச்செடுத்தாலே, ‘அடிப்படை இயற்பியல் தெரியுமா?’ என்று எதிராளியை மடக்குவது வழக்கமாகிவிட்டது. வெப்பமாதலை மறுத்து இப்படிக் கேட்பவர் பெரும்பாலும் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியைத்தான், அதாவது வெப்பம் தானாகச் சூடானதிலிருந்து குளிர்ந்ததற்கே பாயும் என்பதைத்தான், கையில் எடுக்கிறார்: குளிர்ந்த காற்று சூடான நிலத்தை எப்படி மேலும் சூடாக்கும்? விதி சரிதான், பொருத்திய இடம்தான் தவறு. போர்வைக்குள் அடுப்பு எதுவும் இல்லை. ஆனாலும் போர்த்திக்கொண்டால் குளிர் விடுகிறது. நிலத்தைச் சூடாக்குவது சூரியன். அந்த வெப்பம் வெளியேறும் வேகத்தைக் குறைப்பதுதான் கார்பன் டை ஆக்சைடின் வேலை.

அடுத்த அஸ்திரம்: ‘காற்றில் வெறும் 0.04 சதவீதமே உள்ள இந்த வாயு என்ன செய்துவிடும்?’ உலர் காற்றில் 99 சதவீதம் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும், நிலம் தன் வெப்பத்தை வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடுகின்றன. ஆகவே கணக்கில் வருவது மிச்சமிருக்கும் சொற்பம்தான். இயற்பியலாளர் ஜான் டிண்டால் 1859-லேயே வாயுக்களைக் குழாயில் அடைத்து இதை அளந்தார். குழாயின் முனைகளைக் கண்ணாடியால் மூடவில்லை; கண்ணாடியே அக்கதிரைத் தடுத்துவிடும் என்பதால் பாறை உப்புத் தகடுகளைப் பொருத்தினார். அந்தக் கவனம் வாதிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

வெப்பமாதலை ஏற்பவர்களிலும் இதை ஓசோன் ஓட்டையோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அவர்களும் பாடப்புத்தகத்தைப் புரட்டலாம்.

சூரியனே காரணம் என்பவர்களுக்கு ஒரு கேள்வி. அப்படியானால் மேலே உள்ள காற்றும் சேர்ந்தே சூடாக வேண்டுமே; தரையோரக் காற்று சூடாகும்போது, அதற்கு மேலுள்ள காற்றடுக்கான அடுக்கு மண்டலம் (ஸ்ட்ராட்டோஸ்பியர்) ஏன் குளிர்ந்துவருகிறது?

இப்படிக்கு,
ஒரு வாசகர்