இட்டேரி வேலிக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

காங்கயம் பக்கத்தில், எங்கள் ஊர்க் கொறங்காடுகளுக்கு (வேலி அடைத்த மேய்ச்சல் நிலங்களுக்கு) நடுவே போகும் இட்டேரியில், அதாவது உயிர்வேலிகளுக்கு இடையே போகும் வண்டிப்பாதையில், இந்த வருடம் இரண்டு பக்கமும் வேலிமரமான கிளுவை துளிர்த்து நிற்கிறது. இதற்காக உழைத்தவர்கள், இடம் விட்டவர்கள், முறை சொல்லிக்கொடுத்தவர்கள் அத்தனை பேருக்கும் எங்கள் வணக்கம்.

முதல் நன்றி, போத்து (நட்டு வளர்க்க வெட்டிய கிளை) கொடுத்த தோட்டத்துக்காரர்களுக்கு. சாண் இடைவெளியில் நட்டால் 100 அடிக்கு 130 போத்துக்கு மேல் ஆகும். அத்தனையையும் உங்கள் வேலியிலிருந்தே வெட்டிக் கொடுத்தீர்கள். ஐந்தடி நீளம், மணிக்கட்டுப் பருமன், நகத்தால் கீறினால் பட்டைக்கு அடியில் பச்சை தெரியவேண்டும். விரல் பருமனில் இருந்தவை வெயில் தாங்காமல் காய்ந்தன.

"வெட்டின கையோட நடாதீங்க சாமி, நிழல்ல ஒரு வாரம் சாத்தி வைங்க, வெட்டுவாய் காயட்டும்" என்று சொன்ன அப்பாருவை (தாத்தாவை) எப்படி மறப்பது? ஐப்பசி மழையில், இலையோடு வெட்டி ஈரமண்ணில் நட்ட முதல் வரிசை முழுக்க அழுகிப்போயிருந்தது. இலை தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும், உறிஞ்ச வேர் இருக்காது. ஆறாத வெட்டுவாயோ சேற்றில் ஊறும். இலை உதிர்ந்து நிற்கும் சித்திரையில் வெட்டி, கோடை மழை ஒன்று பெய்த பிறகு வைகாசியில் நட்டவைதான் இன்று வேலியாக நிற்கின்றன.

கடப்பாரை பிடித்த கைகளுக்கு அடுத்த நன்றி. சுண்ணாம்புக்கல் கலந்த சுக்கான் மண்ணில் ஓரடி ஆழம் குழி போடுவது சாதாரண வேலையில்லை. அதோடு நிற்காமல் ஒவ்வொரு போத்தைச் சுற்றியும் மண்ணைக் குத்திக் கெட்டித்தீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று, ஆட்டம் காணும் போத்தை அசைத்து அசைத்தே புது வேரை அறுத்துவிடும். நீங்கள் கெட்டித்த இடத்தில் அந்தச் சேதம் இல்லை.

சீமைக்கருவேலத்தைப் பொக்லைன் விட்டு அள்ளாமல் கையால் தோண்டியவர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். தரையோடு வெட்டினால் ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும். மண்ணுக்குள் இருக்கும் வேர்க்கழுத்தோடு எடுக்கவேண்டும். பொக்லைன் புகுந்திருந்தால் கொழுக்கட்டைப் புல்லின் தூரும் சங்கஞ்செடியும் பிரண்டையும் சேர்ந்து போயிருக்கும். கவுதாரியும் கீரியும் ஒண்டும் இடம் அந்த அடிப்புதர்தான். கம்பிவேலி எல்லையைக் காட்டும், அவ்வளவுதான்.

புலப்படத்தை (நில அளவை வரைபடத்தை) விரித்து வண்டிப்பாதையின் அகலத்தை அளந்து காட்டிய சர்வேயருக்கு நன்றி. அளந்ததும் வாக்குவாதம் இல்லாமல் வேலிக் கல்லுக்காலைப் பிடுங்கிப் பின்னால் நட்ட பங்காளிகள் இருவருக்கும் நன்றி. பாதையில் சரளை கொட்டி மேடாக்கவேண்டாம் என்று ஒத்துக்கொண்ட ஊராட்சிக்கும் நன்றி; மழைத்தண்ணீர் ஓடுவது இட்டேரியின் பள்ளத்தில்தான், அதை மேடாக்கினால் தண்ணீர் கொறங்காட்டுக்குள் ஏறும்.

ஆடு மேய்க்கும் ஆத்தாமார்களுக்குத்தான் பெரிய கடன். இளந்துளிரை ஆடு ஒருமுறை கடித்தால் போத்து தேறுவது கஷ்டம். வெளிப்பக்கம் வெள்வேல மரத்து முள் அடைத்திருந்தும், நீங்கள் ஆட்டுப் பட்டியைச் சுற்றுவழியில் ஓட்டிப் போனதால்தான் அது பிழைத்தது. பட்டிப் புழுக்கையில் கிடந்த வெள்வேலங் கொட்டைகளையும் பொறுக்கிக் கொடுத்தீர்கள். ஆட்டு வயிற்றில் ஊறி வந்த கொட்டை, தோல் இளகி, நெற்றிலிருந்து எடுத்ததைவிடச் சீக்கிரம் முளைக்கிறது.

பக்கத்துத் தோட்டங்களில் களைக்கொல்லி அடிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: காற்றடிக்கும் நேரத்தில் அடிக்காதீர்கள், சாரல் பட்டால் கிளுவை இலை கருகுகிறது.

இரண்டு வருடம் வெட்டாமல் விட்டு, அதன்பின் சித்திரையில் நெஞ்சு உயரத்துக்குக் கவாத்துப் பண்ணுவோம். விட்டால் மேலே மட்டும் போய் அடி ஓட்டையாகிவிடும். அப்போது விழும் போத்துகள், வேலி போட நினைக்கும் யாருக்கும் இலவசம். வண்டியோடு வாருங்கள்.

இப்படிக்கு,
இட்டேரி வேலி வேலைக்காரர்கள்