மெக்வே அருவிக்குப் போகும் பே ஏரியாத் தமிழ்க் குடும்பங்களுக்கு

வணக்கம்.

ஒரு ஜூலை மாதம், கலிபோர்னியாவின் பிக் சர் கடற்கரையில் மெக்வே அருவிக்கு எதிரே நின்றிருந்தேன். நம்மவர்கள்தாம், அப்பாவும் இரண்டு பையன்களும் வேலியைத் தாண்டிச் சரிவில் இறங்கினார்கள். மேலே நின்ற அம்மா "பாத்துடா, பாத்து" என்று கத்திக்கொண்டிருந்தார். சின்னவன் கால் வைத்த இடத்தில் ஒரு பிடி மண் பெயர்ந்து உருண்டது. அவனை மேலே இழுத்துவிடும் வரை எனக்கு மூச்சே வரவில்லை.

ஆசை புரிகிறது. குற்றாலத்தில் தலையைக் கொடுத்து வளர்ந்தவர்களுக்கு அருவி என்றால் குளிக்கத்தான். ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா முதலில் கேட்டதே, "கிட்டப் போக விடமாட்டாங்களா?"

விடமாட்டார்கள். அருவிக்குக் கீழே கிடக்கும் மணல் எப்படி வந்தது தெரியுமா? 1983-க்கு முன் 80 அடி உயரத்திலிருந்து அருவி நேரே கடலில் விழுந்தது. அந்த ஆண்டு பக்கத்து மலை சரிந்தது. சரிந்த மண்ணையும் சாலையைச் சீராக்கத் தள்ளிய மண்ணையும் அலை கொண்டுவந்து அங்கே சேர்த்தது. நாம் நின்று படம் எடுக்க ஆசைப்படும் மணல், இடிந்து விழுந்த மலை. இறங்கும் சரிவும் அப்படி உதிர்கிற மண்தான்.

மேலிருந்தே பாருங்கள், ஆனால் ஒரு முறையோடு விட்டுவிடாதீர்கள். அருவி வருடம் முழுக்க விழும், சீசனுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஜூலைக் காலைகளில் மூடுபனி அடைத்துக்கொண்டு சத்தம் மட்டும் கேட்கும். பனி கலையக் கலைய வெள்ளைக் கோடாய் அருவி இறங்கிவரும். எனக்குப் பிடித்தது ஜனவரி. மழைக்குப் பின் தண்ணீர் தடித்து விழும். கடல் பக்கம் திரும்பினால், மெக்சிகோ நோக்கிப் போகும் சாம்பல் திமிங்கிலங்கள் மூச்சு விடும்போது நீர் பீச்சுவது தெரியும். ஏப்ரலில் குட்டிகளோடு வடக்கே திரும்பும்.

பாதை சிறியதுதான், பெரியவர்களையும் மெதுவாக நடத்திக் கூட்டிப்போகலாம். மழைக்காலத்தில் அங்கே போகும் நெடுஞ்சாலை 1 மண்சரிவால் மூடியிருக்கலாம், திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிள்ளைகள் "கீழே போகலாமா" என்று கேட்டால், அந்த மணலைக் கைகாட்டி 1983-இல் மலை சரிந்த கதையைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சன்னிவேலிலிருந்து ஒரு சகோதரி