அரையாண்டு நிறைவில் பெற்றோர்களுக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வுகள் நல்ல முறையில் நிறைவடைந்துள்ளன. விளையாட்டு விழா சிறப்பாக நடந்தது. அறிவியல் கண்காட்சியில் மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர். நூலகத்துக்குப் புதிய நூல்கள் வந்துள்ளன. இவற்றுக்காக உழைத்த அனைவரையும் பாராட்டுகிறேன். விடைத்தாள்கள் விடுமுறை முடிந்ததும் வழங்கப்படும்.

இத்துடன் இன்னொரு செய்தியையும் உங்கள் முன் வைக்க வேண்டியுள்ளது. தேர்வு முடிந்த வாரத்தில், ஒரு வகுப்பின் பெற்றோர் சிலர் கையெழுத்திட்ட மனு என்னிடம் தரப்பட்டது. அவ்வகுப்பில் பயிலும் மாற்றுத்திறன் கொண்ட ஒரு குழந்தையை வேறு பிரிவுக்கோ சிறப்புப் பள்ளிக்கோ மாற்ற வேண்டும், தேர்வில் அக்குழந்தைக்குக் கூடுதல் நேரமும் ‘சொல்வதை எழுதுபவர்’ உதவியும் அளித்தது மற்ற குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட அநீதி, சலுகைக்கு ஆதாரமான மருத்துவச் சான்றிதழைப் பெற்றோர் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பன அம்மனுவின் சாரம். எந்த வகுப்பு என்பதைக் குறிப்பிடாமல் அனைவருக்கும் எழுதுகிறேன். ஏனெனில் இதே கேள்விகள் வேறு வகுப்புகளிலும் மெல்லிய குரலில் எழுந்து வருவதை அறிவேன்.

மனுவில் கையெழுத்திட்டவர்கள் தங்கள் குழந்தைகளின் படிப்பைப் பற்றிய அக்கறையால்தான் எழுதினார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. பாடம் இடையில் தடைபடுகிறது, ஆசிரியரின் கவனம் ஒருபக்கமாகச் சாய்கிறது என்னும் குறைகளில் உண்மையும் உண்டு. நம் பள்ளிக்குச் சிறப்பாசிரியர் வாரத்தில் இரண்டு நாட்களே வருகிறார். மற்ற நாட்களில் வகுப்பாசிரியர் தனியாகச் சமாளிக்கிறார். இது பள்ளியின் குறை. இதற்கான தீர்வைப் பள்ளிதான் தேட வேண்டுமே அன்றி, அக்குழந்தை வெளியேறுவது தீர்வாகாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிவிப்பது என் கடமை. நாடாளுமன்றம் 2016இல் இயற்றி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை இருபத்தொன்றாக விரித்தது. ஆட்டிசமும் எழுத்து, வாசிப்பு, கணக்கு சார்ந்த கற்றல் குறைபாடுகளும் இப்போது அதில் அடங்கும். அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்க்கை அளிப்பது, கட்டடத்தை அணுகத்தக்கதாக வைப்பது, ஒவ்வொரு குழந்தையின் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளைச் செய்து தருவது, கற்றல் குறைபாட்டை விரைவில் கண்டறிவது ஆகியவற்றை அதன் 16ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. கூடுதல் நேரம், எழுதுபவர் உதவி, இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றை அடுத்த பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆகவே தேர்வறையில் நாங்கள் தந்தது என் தயவில் விளைந்த சலுகையன்று.

சிறப்புப் பள்ளி குறித்த கோரிக்கையைப் பொறுத்தவரை, 31ஆம் பிரிவின் ஒரு சொல்லை நீங்கள் கவனிக்க வேண்டுகிறேன். நாற்பது விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளதாகச் சான்றளிக்கப்பட்ட, 6 முதல் 18 வயது வரையுள்ள குழந்தை, அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ ‘தன் விருப்பப்படி’ இலவசக் கல்வி பெறலாம் என்கிறது அது. அந்த விருப்பம் குழந்தைக்கும் அதன் குடும்பத்துக்கும் உரியது. எனக்கோ சக பெற்றோருக்கோ உரியதன்று. கடுமையான குறைபாடுள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே கற்கலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட திருத்தமும் அவ்வாறே: குடும்பம் கேட்டால் அது உரிமை, பள்ளி திணித்தால் அது வெளியேற்றம். இதை எழுதும்போது என் மனம் உறுத்துகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயிடம், “உங்கள் பிள்ளைக்கு வேறு பள்ளிதான் பொருத்தம்” என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

கூடுதல் நேரம் அநீதி என்பவர்கள் ஒருமுறை அந்தத் தேர்வறையைக் கண்டிருந்தால் கருத்தை மாற்றிக்கொண்டிருப்பார்கள். விடையை மனத்தில் முழுமையாக அமைத்து, சொல் சொல்லாக வெளியே கூறி, எழுதுபவர் தவறாகக் கேட்டதைத் திருத்தி, வடிவியல் படத்தை எங்கிருந்து எங்கே வரைய வேண்டும் என்று வாயாலேயே விளக்கி, பின்னர் வாசிக்கச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். அந்த நேரம் கூடுதலாகச் சிந்திப்பதற்காக அன்று, எழுதி முடிப்பதற்காகவே தரப்படுகிறது. நாற்பது விழுக்காட்டுச் சான்று இல்லாதவருக்கும் இத்தகைய ஏற்பாட்டை மறுக்க இயலாது என்று விகாஷ் குமார் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதும்போது கைத்தசை இறுகும் நிலையால் அவதியுற்ற ஒரு குடிமைப்பணித் தேர்வர் எழுதுபவர் உதவி கேட்டுத் தொடுத்த வழக்கு அது. உங்கள் குழந்தை எழுத்தில் தொடர்ந்து தடுமாறினால், ‘முத்திரை விழுந்துவிடும்’ என்று அஞ்சி மறைக்காமல் என்னைச் சந்தியுங்கள். மனுவில் கையெழுத்திட்டவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்க வேண்டியுள்ளது. மருத்துவச் சான்றிதழ் எவருக்கும் காட்டப்பட மாட்டாது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017இல் தீர்ப்பளித்துள்ளது. குழந்தை என்பதால் அது குறைந்துவிடாது. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அக்குழந்தையின் நடத்தையைப் பற்றிக் கேலியான செய்திகளும், வகுப்பறைக்கு வெளியிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு காணொளியும் பகிரப்பட்டதை அறிந்தேன். மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொதுப் பார்வைக்குட்பட்ட இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வாட்ஸ்அப் குழு அத்தகைய இடமா என்று வழக்கறிஞர்கள் வாதிடும் நிலைக்கு நாம் போக வேண்டாம். அந்தக் காணொளியை இன்றே நீக்கிவிடுங்கள். மீண்டும் இவ்வாறு நடந்தால் பள்ளி எழுத்துமூலம் நடவடிக்கை எடுக்கும்.

பள்ளியின் பங்குக்கு, சிறப்பாசிரியரின் நாட்களைக் கூட்டித் தருமாறு கல்வி அலுவலகத்துக்கு எழுதியுள்ளேன். இரைச்சல் தாங்காத குழந்தைகள் சற்று ஓய்ந்து திரும்புவதற்காகத் தரைத்தளத்தில் ஓர் அறையை ஒதுக்குகிறோம். சாய்தளம் அமைந்துவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நாங்கள், கழிப்பறை வாசலில் இரண்டு படிகள் இருப்பதை ஒரு மாணவி சுட்டிக்காட்டிய பிறகே கண்டோம். அந்த வேலையும் விடுமுறையில் முடியும்.

இவ்வளவு நீண்ட கடிதத்தைப் பொறுமையாக வாசித்தமைக்கு நன்றி. மனு கொடுத்தவர்கள் முகம் மறைக்காமல், பெயரிட்டு, என்னிடம் நேரில் தந்தார்கள். அந்த நேர்மையை மதிக்கிறேன். அவர்களில் இருவர் மறுநாளே வந்து தங்கள் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கும் என் நன்றி. பள்ளி திறந்த முதல் வாரத்தில் எல்லா நாட்களிலும் மாலை நான்கு மணிக்கு மேல் என் அறையில் இருப்பேன். தனியாகப் பேச விரும்புபவர்கள் முன்பதிவின்றி வரலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்