கொடைக்கானலுக்கு எந்தக் கருவி?

கே.கே. நகர், மதுரை
மார்ச் 12

அன்புள்ள ராமநாதா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் நிச்சயதார்த்தச் செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நாள் குறித்ததும் எழுது, நாங்கள் இருவரும் முதல் நாளே வந்து சேர்கிறோம். இங்கே மாசி முடிவதற்குள்ளேயே வெயில் உறைக்கத் தொடங்கிவிட்டது. ஆகவே மே மாதம் கொடைக்கானலில் தங்கி கோல்ஃப் ஆடலாம் என்று நீ எழுதியிருப்பதற்கு என்னிடம் மறுபேச்சே இல்லை. வண்டிக்கு இ-பாஸ் எடுக்க மறந்துவிடாதே. 2024 மே மாதம் முதல் அது கட்டாயமாகிவிட்டது.

பந்து கிடக்கும் இடத்திலிருந்து குழிக்கு எவ்வளவு தூரம் என்று பார்ப்பதற்கு ஜிபிஎஸ் கைக்கடிகாரம் வாங்குவதா, லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்குவதா என்று கேட்டிருந்தாய். வேலைக்காலம் முழுவதும் தியோடலைட், டோட்டல் ஸ்டேஷன் என்று நில அளவைக் கருவிகளோடு காடு மேடு அலைந்தவன் என்பதால் நான் லேசருக்குத்தான் வாக்களிப்பேன் என்று நீ எதிர்பார்த்திருப்பாய். என் பையில் இருப்பதும் லேசர்தான். இருந்தாலும், கொடைக்கானல் மைதானத்தையும் நம் இருவரின் ஆட்டத்தையும் வைத்து யோசித்தால், கைக்கடிகாரத்தை வாங்கு என்றே சொல்வேன்.

துல்லியத்தில் லேசரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளித்துடிப்பை அது குழியில் நட்டிருக்கும் கொடியின் மேல் அனுப்பி, பட்டுத் திரும்புவதற்கு ஆகும் நேரத்தை அளந்து தூரமாக்கிச் சொல்கிறது. 150 யார்டு என்பது ஏறக்குறைய 137 மீட்டர். அதற்குப் போய்வர ஒளிக்கு ஒரு மைக்ரோ விநாடி கூட ஆவதில்லை. அந்த நேரத்தை அளந்து, ஒரு யார்டு முன்பின் என்ற அளவுக்குள் விடை சொல்லிவிடுகிறார்கள் என்பதை நினைத்தால் பழைய சர்வேயருக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் கொடி கண்ணுக்குத் தெரிய வேண்டும், கையும் நடுங்காமல் இருக்க வேண்டும். ஆறு மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸுக்குள் கொடியைப் பிடிக்கும்போது, கையின் சிறு அசைவும் ஆறு மடங்காகவே தெரியும். குறுக்குக்கோடு கொடிக்கம்பத்தின் மேல் ஒரு கணம் நிற்கும். பொத்தானை அழுத்துகிற அதே கணத்தில் வழுக்கிப் பின்னால் இருக்கும் பைன் மரத்தின் மேல் போய் விழும். 148 என்று காட்ட வேண்டிய இடத்தில் 181 என்று காட்டும். அருகில் இருக்கும் பொருளையே எடுத்துக்கொள்ளும் அமைப்பு இப்போது பல கருவிகளில் வந்துவிட்டது என்றாலும், கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டு இன்னும் ஓராண்டு கூட ஆகாத உனக்கு இந்தக் குறிபார்க்கும் வேலை அலுத்துப்போகும் என்பது என் கணிப்பு.

அதோடு அந்த மலையின் குணத்தையும் சேர்த்துக்கொள். அங்கே இருப்பது 1895-ல் தொடங்கிய கோல்ஃப் கிளப். ஏற்றமும் இறக்கமுமாகப் போகும் தரையில் கொடியைப் பார்க்க முடியாமலே அடிக்க வேண்டிய இடங்கள் உண்டு. மேட்டுக்குப் பின்னால் இருக்கும் கிரீனை, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையை, லேசரால் தொட முடியாது. மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால், ஒளித்துடிப்பு பனித்துளிகளில் பட்டே சிதறித் திரும்பிவிடுவதால், அது காட்டும் எண்ணை நம்பவும் முடியாது. கடிகாரத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிடமிருந்து நீ நிற்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு, தன்னிடம் உள்ள மைதான வரைபடத்தோடு ஒப்பிட்டு, கிரீனின் முன்விளிம்பு, நடு, பின்விளிம்பு ஆகிய மூன்றுக்கும் தூரத்தைச் சொல்லிவிடும்.

அந்த மூன்று எண்களுக்காகவே நான் இதை உனக்குப் பரிந்துரைக்கிறேன். முன்விளிம்பு 138, நடு 150, பின்விளிம்பு 162 என்று ஒரு கிரீனை வைத்துக்கொள்வோம். முன்னால் ஒரு பங்கர் (மணற்பள்ளம்), கொடியோ முன்விளிம்பிலிருந்து நாலு யார்டில். லேசர் 142 என்று சொல்லும், அது சரியான எண்ணும்கூட. அதைக் கேட்டுவிட்டு நீயும் நானும் 142-க்கு உரிய அயர்ன் மட்டையைத்தான் எடுப்போம். ஆனால் அதே அயர்னில் நாம் அடிக்கும் பந்துகள் ஒன்றுக்கொன்று பத்துப் பதினைந்து யார்டு வித்தியாசத்தில் விழுகிறவை. கொஞ்சம் குறைந்தால் பந்து மணலில். கடிகாரத்தைப் பார்த்தவன் நடுவுக்கு அடிப்பான். முன்பின் ஆனாலும் பந்து கிரீனிலேயே நிற்கும். ஒரு யார்டு சுத்தமாக அடிக்கத் தெரிந்தவனுக்கு ஒரு யார்டு சுத்தமான அளவு வேண்டும். நமக்கு எதற்கு?

கடிகாரத்தின் குறைகளையும் தெரிந்துகொண்டே வாங்கு. திறந்தவெளியில் சாதாரணக் கைபேசியின் ஜிபிஎஸ் கூட சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும், ஆனால் அடர்ந்த மரங்களுக்குக் கீழே அந்தத் தவறு கூடும். இன்றைக்குக் கொடியை எங்கே நட்டிருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மைதானத்தின் வரைபடம் அதில் இல்லையென்றால் அது வெறும் மணி பார்க்கும் கடிகாரம்தான். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்பே, அந்த நிறுவனத்தின் பட்டியலில் கொடைக்கானல் இருக்கிறதா என்று பார்த்துவிடு. முந்தின இரவு சார்ஜில் போட மறந்தால் பாதி ஆட்டத்தில் கண்ணை மூடிக்கொள்ளும் என்பது தனி.

மேடு பள்ளத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் ஸ்லோப் வசதிக்காகவே லேசர் வாங்கலாமே என்றும் எழுதியிருந்தாய். அந்த வசதி பயனுள்ளதுதான். கிரீன் பத்து யார்டு மேலே இருந்தால் தோராயமாகப் பத்து யார்டு கூட்டி அடிக்க வேண்டும் என்ற கணக்கை அது நமக்காகப் போட்டுவிடுகிறது. ஆனால் போட்டியில் அதை அணைத்து வைக்க வேண்டும். 2019-ல் திருத்திய கோல்ஃப் விதிகளின் 4.3-ஆம் பிரிவு தூரத்தை அளக்க அனுமதிக்கிறது, உயர வித்தியாசத்தை அளக்க அனுமதிப்பதில்லை; மொத்த அடிகளை எண்ணி ஆடும் ஸ்ட்ரோக் பிளேயில் முதல் மீறலுக்கு இரண்டு ஸ்ட்ரோக் (அடி) தண்டனை, மறுபடியும் செய்தால் ஆட்டத்திலிருந்தே நீக்கம். அமெரிக்க பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் தூரம் பார்க்கும் கருவிகளையே 2021-ல்தான் முதன்முதலில் அனுமதித்தார்கள். பில் மிக்கெல்சன் ஐம்பது வயதில் வென்றாரே, அந்த ஆண்டுதான். நாம் போட்டிக்குப் போகப்போவதில்லை என்றாலும் பழக்கம் என்று ஒன்று உண்டல்லவா?

இன்னொன்று, எந்தக் கருவியை வாங்கினாலும் நீ மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால், சென்னையில் 140 யார்டு போகும் உன் அடி அங்கே சுமார் பத்து யார்டு அதிகமாகப் போகும். கடிகாரம் 150 என்று காட்டினால், சென்னையில் 140-க்கு எடுக்கும் அயர்னையே எடு. அங்கே பழகிய கேடி (மட்டைப் பையைத் தூக்கி வருபவர்) ஒருவர் கிடைத்தால் அவர் சொல்வதையும் கேட்டுக்கொள். புல்வெளியில் காட்டுமாடு மேய்கிறதா, அதைச் சுற்றி எந்தப் பக்கமாக நடக்க வேண்டும் என்பதை எந்தச் செயற்கைக்கோளும் சொல்லாது.

கடிகாரம் வாங்குவதற்கு முன்னால் கைபேசியில் இலவசச் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு, உன் கிளப் மைதானத்தில் 150 யார்டு கல்லுக்குப் பக்கத்தில் நின்று, அது நடுவுக்கு எத்தனை காட்டுகிறது என்று பார். அந்தக் கற்களைப் பெரும்பாலும் கிரீனின் நடுவிலிருந்து அளந்தே நடுவார்கள். நாலைந்து யார்டுக்குள் ஒத்துப்போனால் கவலையில்லாமல் கடிகாரத்தை வாங்கு. என் லேசரையும் எடுத்து வருகிறேன். கொடி தெரிகிற இடங்களில் நம் இருவருக்கும் அது ஒன்றே போதும். தேதியை மட்டும் சீக்கிரம் எழுது, மே மாதத்தில் அறை கிடைப்பது பெரும்பாடு.

அன்புடன்,
சொக்கலிங்கம்