மாமரத்தில் ஒரு கிளை போதவில்லை

கிருஷ்ணகிரி

அன்புள்ள நண்பா,

பொங்கலுக்கு எழுதுவதாகச் சொன்ன கடிதம் ஆடியில் வருகிறது. பாரூர் ஏரிக்கரையில் நான் செருப்பைத் தொலைத்த கணக்கில் இதையும் சேர்த்துக்கொள். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. தருமபுரியில் அனைவரையும் கேட்டதாகச் சொல்.

மண்டிக் கணக்கு மென்பொருளில் நான் செய்த கூத்தை உன்னிடம் சொல்லாமல் தீராது. ஜூனில், பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக இறங்கிய வாரத்தில், டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் ஒரு மண்டியின் புதிய கணினி என் பொதியை, அதாவது நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருளை, ஏற்க மறுத்தது. பொதிக்கு என்னென்ன தேவை என்று சொல்லும் கண்ட்ரோல் கோப்பில் ஒரு நிரல் நூலகத்தின் பெயரை நான் பிழையாக எழுதியிருந்தேன், அவ்வளவுதான். அந்த ஒரு வரியைத் திருத்தி, 2.4 என்று எண்ணிட்டு அனுப்பினேன். நிரலும், பொதி கட்டும் கோப்புகள் உள்ள டெபியன் அடைவும், மாற்றங்களைக் கிளை கிளையாகச் சேமிக்கும் கிட் கருவியில் ஒரே மெயின் கிளையில் கிடந்ததால், எடையை முழு கிலோவாக்க நான் பாதி எழுதி வைத்திருந்த மாற்றமும் கூடவே ஏறிப் போய்விட்டது. அது மொத்த எடையை விட்டுவிட்டு, பெட்டி பெட்டியாகக் கீழே வெட்டியது. பதினாறு பெட்டி கொண்டுவந்த விவசாயி ஒருவர் சீட்டை மேசையில் வைத்து, "எட்டு கிலோவை யார் தின்றது?" என்று கேட்டாராம். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எழுதுகிறவனும் பொதிகிறவனும் நானே, இரண்டு கிளை எதற்கு என்று உன்னிடம் வாயடித்தவன் நான். நிரலுக்கும் பொதிக்கும் ஒரே எண் தரும் நேட்டிவ் வடிவத்தில் கட்டியதால் 2.3-1 ஐ 2.3-2 ஆக்கும் வழியையும் நானே அடைத்திருந்தேன். பொதியில் மட்டும் பிழை என்றால் அந்தக் கோட்டுக்குப் பின்னுள்ள எண்ணைக் கூட்டினால் போதும் என்பது அப்போதுதான் உறைத்தது.

இப்போது மெயினில் நிரல் மட்டுமே இருக்கிறது. வெளியிடும் நிலைக்கு v2.5 என்று பெயர்ச்சீட்டாக ஒரு டேக் இட்டு, டெபியன் பொதிக் கிளைகளுக்குப் பெயரிடும் வழிகாட்டியான டிஇபி-14 பரிந்துரைக்கும் 'டெபியன்/லேட்டஸ்ட்' என்ற பெயரிலான கிளையில் அந்த டேக்கை இணைத்து, அங்கேதான் டெபியன் அடைவை வைக்கிறேன். மெயினின் நுனியை, அதாவது கடைசி நிலையை, அங்கே இணைப்பதில்லை. அங்கிருந்து மெயினுக்கு எதுவும் திரும்புவதுமில்லை. பொதிக் கிளையில் நிரலைத் தொட்டால், மூல நிரலையும் அதன் மேலான திருத்தங்களையும் தனித்தனியே வைக்கும் குவில்ட் வடிவத்தில், பொதி கட்டும் கருவியான டிபிகேஜி-சோர்ஸ் கட்ட மறுத்துவிடுகிறது. எனக்கு அந்தக் கண்டிப்பு தேவைதான். பருவத்தின் நடுவே அவசரத் திருத்தம் வந்தால், v2.5 டேக்கிலிருந்து சிறு கிளை பிரித்து 2.5.1 வெளியிட்டு, அதே திருத்தத்தை மெயினிலும் சேர்க்கிறேன். பாதி வேலைகள் தத்தம் கிளையில் ஊறட்டும்.

டெபியன் 12 ஓடும் கணினிகளுக்கு, அதன் செல்லப்பெயரில் 'டெபியன்/புக்வோர்ம்' என்று இன்னொரு கிளை வைத்து, 2.5-1~deb12u1 என எண்ணிடுகிறேன். அந்த அலைக்குறி இருந்தால் அது 2.5-1 ஐ விடக் கீழாகவே கணக்கிடப்படும், எனவே கணினியை மேம்படுத்தும்போது சிக்கல் இல்லை.

ஒன்றுதான் உறுத்துகிறது. ஆரிஜ் டார்பாலை, அதாவது மூல நிரலை அமுக்கிக் கட்டிய கோப்பை, ஒவ்வொரு முறையும் டேக்கிலிருந்து உருவாக்குகிறேன். அமுக்கும் கருவியின் பதிப்பு மாறி ஒரு பைட் வேறுபட்டாலும், 2.5-2 ஐ, பொதிகளை வைத்திருக்கும் என் களஞ்சியம், முந்தைய டார்பாலோடு செக்சம் (கோப்பின் சரிபார்ப்பு எண்) பொருந்தவில்லை என்று தள்ளிவிடும். முதல் டார்பாலைப் பத்திரமாக வைத்து அதையே பயன்படுத்தினால் போதுமா, அதே டார்பாலை பைட் மாறாமல் மீண்டும் உருவாக்க உதவும் பிரிஸ்டீன்-டார் கிளையும் வேண்டுமா? சிரித்துவிட்டாவது பதில் எழுது.

அன்புடன்,
உன் செருப்பில்லாதவன்