நிலத்தடி நீருக்கும் ஒரு கணக்கு வேண்டும்: சித்தூர்ப் பகுதி பஞ்சாயத்துகளுக்கு ஒரு திறந்த மடல்

பாலக்காடு மாவட்டம் சித்தூர்ப் பகுதியின் பிளாக் பஞ்சாயத்து, கிராம பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கேரளம் என்றாலே மழை என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். மாநிலத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் என்பது உண்மைதான். ஆனால் நம் எருத்தேன்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அதில் பாதிகூடப் பெய்வதில்லை. நம்முடைய வானம் கோயம்புத்தூர், பொள்ளாச்சி வானத்தோடு சேர்ந்தது. மாநிலம் முழுமைக்கும் பொதுவாகத் தீட்டப்படும் திட்டங்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிட்டால், அதை நினைவூட்ட வேண்டிய முதற்பொறுப்பு உங்களுடையது என்பதால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒவ்வொரு கோடையிலும் இங்கே பேச்செல்லாம் ஆழியாற்றுத் தண்ணீரைப் பற்றியே இருக்கிறது. 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் சித்தூர்ப்புழைக்கு வந்தாக வேண்டும். அது வந்ததா, எத்தனை நாள் தள்ளி வந்தது, மூலத்தறைத் தடுப்பணையில் எந்தக் கால்வாய்க்கு எவ்வளவு திறந்தார்கள் என்பவை நியாயமான கேள்விகளே. ஆனால் அந்த ஒப்பந்தம் இரண்டு மாநில அரசுகளின் கையில் இருக்கிறது. பஞ்சாயத்து அதில் மனுக் கொடுக்கலாம், அதற்கு மேல் அதிகமாக எதுவும் செய்ய முடியாது. நம் காலடியில் இருக்கும் தண்ணீர் அப்படியல்ல.

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2017 மதிப்பீட்டில், ஊறுவதைவிட அதிகமாக உறிஞ்சப்படும் பகுதி என்ற வகையில் சித்தூர் பிளாக் வைக்கப்பட்டிருந்தது. ஆறுகளும் காயல்களும் நிறைந்த மாநிலத்தில் இப்படியொரு பெயரை வாங்கியிருக்கிறோம். காரணம் மழைக்குறைவு மட்டுமன்று. நம் நிலத்துக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. மேலே உள்ள மக்கிய பாறை அடுக்கில் தேங்கும் தண்ணீர்தான் திறந்த கிணறுகளுக்கு வருகிறது. அதற்கும் கீழே பாறை வெடிப்புகளில் இருப்பது மெல்ல மெல்லச் சேர்ந்த தண்ணீர். போர்வெல் அதைச் சில கோடைகளிலேயே இழுத்துவிடுகிறது, ஒரு மழைக்காலம் அதைத் திரும்ப நிரப்புவதில்லை. ஒரு தோப்பில் ஆயிரம் அடிக்குப் போர் இறங்கினால் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றுகிறது. அந்தத் தோட்டக்காரரும் கடன் வாங்கி இன்னும் ஆழமாக இறக்குகிறார். தென்னைக்கும் கறவை மாட்டுக்கும் வேறு வழியில்லாதவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எத்தனை பேர் சேர்ந்து எவ்வளவு எடுக்கிறோம் என்பது யாருக்கும் தெரியாமலே எடுத்துக்கொண்டிருப்பதுதான் கோளாறு. பாஸ்புக்கைப் பார்க்காமல் பணம் எடுப்பவர்கூட ஏதாவதொரு நாள் வங்கியில் விசாரித்துக்கொள்வார்.

இந்த விஷயத்தில் நம் பகுதி நாட்டுக்கே வழிகாட்டியது என்பதை நீங்கள் அறிவீர்கள். பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய குளிர்பான ஆலைக்கு எதிராக, 2002 ஏப்ரலில் மயிலம்மா உள்ளிட்ட ஆதிவாசிப் பெண்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டு கிராம பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் பொதுமக்களின் சொத்து, அரசு அதன் காவலர் மட்டுமே என்று 2003 டிசம்பரில் உயர்நீதிமன்றத் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2005-இல் அதே நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச் (ஒன்றுக்கு மேற்பட்ட நீதிபதிகளின் அமர்வு) வேறுவிதமாகச் சொன்னாலும், 2004 மார்ச்சில் நின்ற ஆலை பிறகு ஓடவில்லை. ஆலையால் 216 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று உயர்மட்டக் குழு 2010-இல் கணக்கிட்டும், சட்டமன்றம் 2011-இல் நிறைவேற்றிய இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதா சட்டமாகவில்லை என்பது வேறு வேதனை. ஆலையை நிறுத்த இவ்வளவு பாடுபட்ட ஊர்களில், ஆலை இல்லாமலே தண்ணீர் இறங்கிக்கொண்டிருப்பதை யாரும் அளக்கவில்லை என்றால் அந்தப் போராட்டத்தில் பாதியைத்தான் நாம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பக்கத்து எலப்புள்ளியில் மதுபான ஆலைக்கு 2025 ஜனவரியில் அமைச்சரவை முதற்கட்ட அனுமதி கொடுத்தபோதும் தண்ணீர்தான் முதல் கேள்வியாக எழுந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் கையில் பத்தாண்டுக் கணக்கு இருக்கும் பஞ்சாயத்தின் பேச்சுக்கு எடை கூடும்.

சட்டம் உங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டம், குளங்களையும் பாரம்பரியக் குடிநீர் ஆதாரங்களையும் காக்கும் பணியைக் கிராம பஞ்சாயத்துகளிடமும், ஒன்றுக்கு மேற்பட்ட கிராம பஞ்சாயத்துகளில் பரந்திருக்கும் நீர்ப்பிடிப்புப் பகுதிகளின் மேலாண்மையைப் பிளாக் பஞ்சாயத்திடமும் ஒப்படைத்திருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்ச் சட்டத்தின்கீழ் அறிவிக்கை செய்யப்பட்ட பகுதிகளில் சித்தூர் பிளாக்கும் ஒன்று என்பதால், இங்கே புதிதாகக் கிணறு தோண்டவே அனுமதி வேண்டும். நடைமுறையில் இரவோடு இரவாகப் போர் போடும் ரிக் லாரி வந்து போவதை எல்லையோரத்தில் பார்க்காதவர் குறைவு.

ஆகவே நான் கேட்பது பெரிய செலவுத் திட்டமன்று. வார்டுக்குச் சில திறந்த கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒருமுறை நீர்மட்டத்தை அளந்து, பஞ்சாயத்து அலுவலக வாசலிலும் ரேஷன் கடையிலும் எழுதி வையுங்கள். மாநில நிலத்தடி நீர்த் துறையின் கண்காணிப்புக் கிணறுகளின் அளவுகளையும் கேட்டு வாங்கி அருகில் போடுங்கள். அளக்க ஆளில்லை என்று சொல்ல வேண்டாம்: ஹரித கர்ம சேனைப் பெண்கள் ஏற்கனவே வீடுவீடாகப் போய்ப் பிளாஸ்டிக் சேகரித்து வருகிறார்கள், ஊரின் ஒவ்வொரு கிணறும் அவர்களுக்குத் தெரியும். இந்த வேலையைக் கொடுத்தால் தனி ஊதியத்தோடு கொடுங்கள். இருக்கிற சுமையே அவர்களுக்கு அதிகம். நூறு நாள் வேலையில் வெட்டப்படும் மழைக்குழிகளும் வரப்புகளும், வேலை நாள் கணக்குக்காக வசதிப்பட்ட இடத்தில் வெட்டப்படாமல், தண்ணீர் உள்ளே இறங்கும் இடம் பார்த்து வெட்டப்பட வேண்டும். தூர்ந்த குளங்களுக்கும் இதே விதிதான். கரையில் சிமெண்ட் நடைபாதை போடுவதற்கு முன்னால் வரத்துவாய்க்கால் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த நீர்மட்ட அறிவிப்புகள் தமிழிலும் இருக்க வேண்டும். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதவும் அதே மொழியில் பதில் பெறவும் உரிமை தந்திருக்கிறது. மலையாளம் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாத முதியவர்கள் எங்கள் ஊர்களில் ஏராளம். கிணற்றைப் பற்றி அதிகம் சொல்லக்கூடியவர்களும் அவர்களே.

மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டிய கிராமசபையில், பயனாளிப் பட்டியலை வாசிப்பதற்கு முன்னால், அந்த வார்டின் கிணற்று அளவுகளை வார்டு உறுப்பினர் எழுந்து வாசிக்கட்டும். பிளாக் பஞ்சாயத்து அவற்றைத் தொகுத்து, அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கான வளர்ச்சிக் கருத்தரங்கில் வைக்கட்டும். முதல் அளவை வரும் தைக்கும் சித்திரைக்கும் இடையில், கிணறுகள் இறங்கத் தொடங்கும் காலத்திலேயே எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறைப் பகுதித் தமிழ் விவசாயி ஒருவர்